அக்டோபர் 24: பைக்கனூரில் ராக்கெட் ஏவாத நாள்

கஜகஸ்தானில் உள்ள பைக்கனூர் ஏவுதளத்தில் அக்டோபர் 24ஆம் தேதி ராக்கெட் ஏவக் கூடாது என்பது பல பத்தாண்டுகளாக இருந்துவரும் வழக்கம். ராகு காலமும் எமகண்டமும் பார்த்துப் பழகிய நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. ஆனால் இந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் யார் என்று பாருங்கள். கடவுள் இல்லை என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்த சோவியத் நாட்டின் பொறியாளர்கள், ஸ்புட்னிக்கையும் ககாரினையும் விண்ணுக்கு அனுப்பியவர்கள். கணக்கும் இயற்பியலும் இல்லாமல் ஒரு நாள்கூட நகராத வேலை அவர்களுடையது. அவர்களுடைய நாட்காட்டியில் ஒரு கெட்ட நாள் எப்படி வந்து உட்கார்ந்தது?

சாவைக் கண்ணெதிரே பார்த்தவன் விதியை நம்பத் தொடங்கிவிடுவான் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பைக்கனூரில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் அது அவ்வளவு நேராக நடக்கவில்லை. ஒரு விபத்து நடக்கிறது. அதிலிருந்து ஒரு பாதுகாப்பு ஏற்பாடும் வருகிறது, ஒரு சடங்கும் வருகிறது. இரண்டும் பல காலம் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. இவற்றோடு மூன்றாவதாக ஒன்று வருகிறது: உண்மையை மூடி மறைப்பது. என் பார்வையில் பயப்பட வேண்டியது அந்த மூன்றாவதுக்குத்தான்.

1960: முப்பது நிமிடம் முன்னதாக

ஆர்-16 என்பது கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை. சுமார் 30 மீட்டர் உயரம், எரிபொருள் நிரப்பினால் ஏறக்குறைய 140 டன் எடை. வடிவமைத்தவர் மிகயீல் யாங்கெல். சோவியத் ஏவுகணைப் படையின் முதல் தளபதியான மார்ஷல் மித்ரோஃபான் நெதேலின் நேரில் வந்து வேலையை மேற்பார்வை பார்த்தார். நவம்பர் 7 புரட்சி நாள். அதற்கு முன்னால் ஏவுகணை பறந்தாக வேண்டும் என்கிற நெருக்கடி எல்லோர் தலைமேலும் இருந்தது.

இந்த ராக்கெட்டின் எரிபொருளும் அதை எரிக்க உதவும் நைட்ரிக் அமிலக் கலவையும் ஒன்றையொன்று தொட்டாலே தீப்பிடிக்கும் வகை. தீக்குச்சி, பொறி எதுவும் வேண்டாம். உலோகத்தையும் அரித்துவிடும் என்பதால், நிரப்பிய பிறகு ராக்கெட்டை நீண்ட நேரம் அப்படியே வைத்திருக்கவும் முடியாது. அக்டோபர் 23ஆம் தேதி எரிபொருளை நிரப்பிவிட்டார்கள். அன்று மாலையே கோளாறு. குழாய்களில் எரிபொருளைத் தடுத்து நிறுத்தியிருந்த மெல்லிய தகடுகளை உடைக்கும் கட்டளை தப்பாகப் போய்ச் சேர்ந்தது, மின் கருவி ஒன்றும் பழுதானது. முறைப்படி பார்த்தால் எரிபொருளை வெளியேற்றிவிட்டு ராக்கெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்தால் நாள் கணக்கில் தாமதமாகும். நிரப்பிய எரிபொருளோடேயே பழுது பார்ப்பது என்று முடிவானது.

மறுநாள் மாலை ஏவுவதற்கு அரை மணி நேரம் இருக்கும்போதும் ராக்கெட்டைச் சுற்றி ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டியவர்களைவிட மிக அதிகம் பேர். நெதேலின் பாதுகாப்பு அறைக்குப் போகவில்லை. ராக்கெட்டிலிருந்து இருபது மீட்டருக்குள் ஒரு நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். மார்ஷலே அங்கே உட்கார்ந்திருக்கும்போது, ஆபத்து, தள்ளிப் போகிறேன் என்று எந்த லெப்டினன்ட் சொல்வான்?

கட்டளைகளை வரிசைப்படி அனுப்பும் மின் கருவியைப் பழைய நிலைக்குத் திருப்பினார்கள். பேட்டரிகள் ஏற்கெனவே இணைக்கப்பட்டிருந்தன. தடுப்புத் தகடுகள் ஏற்கெனவே உடைந்திருந்தன. கருவி திரும்பி வரும் வழியில் இரண்டாம் அடுக்கு எஞ்சினைக் கிளப்பும் கட்டளை போய்விட்டது. மேலே இருந்த எஞ்சின் எரியத் தொடங்கி, கீழே இருந்த முதல் அடுக்கின் தொட்டியைப் பொத்துக்கொண்டு இறங்கியது. ஏவுதலைப் பதிவு செய்ய வைத்திருந்த தானியங்கிக் கேமராக்கள் இதையெல்லாம் படம் எடுத்துக்கொண்டிருந்தன. ஓடியவர்களின் கால்கள் உருகிய தாரில் சிக்கின. சிலர் வேலிக் கம்பிவரை போய் அங்கேயே விழுந்தார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை 74 என்பதிலிருந்து நூற்றுக்கும் மேல் என்பதுவரை பல கணக்குகளில் பலவிதமாக இருக்கிறது. நெதேலினை அவருடைய பதக்கத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

யாங்கெல் பிழைத்தது

அந்த நேரத்தில் யாங்கெல் அங்கே இல்லை. சிகரெட் பிடிக்கப் போயிருந்தார்.

விதியை நம்புகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். ராக்கெட்டை உருவாக்கியவர் ஒரு சிகரெட்டால் பிழைக்கிறார். அவர் பேச்சைக் கேட்டு வேலை செய்த இளைஞர்கள் சாம்பலாகிறார்கள். ஆயுசு கெட்டி, காலன் அவரை விட்டுவிட்டான் என்றுதான் நம் வாயிலும் வரும். யாங்கெலும் அந்தக் கேள்வியிலிருந்து தப்பவில்லை. நீ எங்கே இருந்தாய், எப்படிப் பிழைத்தாய் என்று சோவியத் தலைவர் குருஷ்சேவே அவரிடம் கேட்டதாக உடன் வேலை பார்த்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். யாங்கெல் பொறுப்பைத் தன்மேல் ஏற்றுக்கொண்டார். வெகு சீக்கிரத்திலேயே மாரடைப்பு வந்தது. அதற்குப் பிறகு வாழ்ந்தது பதினொரு வருடம்தான்.

அவர் இறந்தது 1971 அக்டோபர் 25. அந்தத் தேதியைப் பார்த்ததும் முதுகுத்தண்டில் ஏதோ ஒன்று ஓடுகிறது அல்லவா? எனக்கும் ஓடியது. அந்த உணர்வைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

அதற்கு முன், அந்த சிகரெட்டை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். யாங்கெல் ஏன் தள்ளிப் போனார்? ராக்கெட் பக்கத்தில் புகைபிடிக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. அன்று மாலை அந்த மேடையில் எத்தனையோ கட்டுப்பாடுகள் காற்றில் பறந்துகொண்டிருந்தபோது, இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் மதித்தார்கள். புகைபிடிக்க நினைத்தவன் பாதுகாப்பான தூரத்துக்குப் போனான், பிழைத்தான். அவனோடு போனவர்களும் பிழைத்தார்கள். வேலையில்லாதவர்கள் எல்லோரும் தள்ளிப் போக வேண்டும் என்ற இன்னொரு கட்டுப்பாட்டையும் அதேபோல் மதித்திருந்தால் அந்த நாற்காலியே அங்கே வந்திருக்காது. யாங்கெலைக் காப்பாற்றியது அவருடைய ஜாதகம் அல்ல, ராக்கெட்டுக்கும் அவருக்கும் நடுவே இருந்த தூரம். இதைச் சொல்லும்போது செத்தவர்களைக் குற்றம் சொல்வதுபோல் ஆகிவிடக் கூடாது. அவர்களுக்குத் தள்ளிப் போகும் உரிமை இருக்கவில்லை.

மறைத்த சாவு

இரண்டு நாள் கழித்து அரசு அறிவித்தது: மார்ஷல் நெதேலின் விமான விபத்தில் இறந்துவிட்டார். மற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குடும்பங்களிடம் உண்மைக் காரணத்தை வெளியே சொல்லக் கூடாது என்று சொல்லப்பட்டது. பின்னாளில் நாட்டின் தலைவரான பிரெஷ்னெவ் தலைமையில் விசாரணைக் குழு வந்தது. யாரையும் தண்டிக்கப் போவதில்லை, குற்றவாளிகள் ஏற்கெனவே தண்டனை அடைந்துவிட்டார்கள் என்ற பொருளில் அவர் பேசியதாகச் சொல்வார்கள். கேட்கும்போது பெருந்தன்மைபோல் இருக்கிறது. ஆனால் சாவையே தண்டனையாகக் கணக்கில் எழுதிவிட்டால், புரட்சி நாளுக்குள் முடி என்று மேலிருந்து அழுத்தியவர்களை யார் கேட்பது?

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் “அவன் நேரம் முடிந்துவிட்டது” என்று சொன்னால் நான் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவளுக்கு அந்த வார்த்தை வேண்டும். இரவில் படுத்துக் கண்ணை மூட அது வேண்டும். அதே வார்த்தையை உத்தரவு போட்டவன் சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. அவன் வாயில் விதி என்பது ஆறுதல் இல்லை, தப்பிக்கும் வழி. வெடி ஆலை எரிந்தாலும் கழிவுநீர்த் தொட்டியில் தொழிலாளி மூச்சுத் திணறி இறந்தாலும் முதலில் கேட்பது இந்த வார்த்தைதான். சொல்பவர் யார் என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

உள்ளுக்குள் பொறியாளர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காரணத்தைக் கண்டுபிடித்தார்கள், மின் அமைப்பை மாற்றினார்கள், பாதுகாப்பு நடைமுறைகளை இறுக்கினார்கள். 1961 பிப்ரவரி 2ஆம் தேதி ஆர்-16 பறந்தது.

தேதிக்குக் கறை படிந்தது எப்போது

இந்தக் கதையில் பலரும் தாண்டிப் போய்விடும் ஒரு விவரம் இருக்கிறது. 1960 விபத்து நடந்த உடனே அக்டோபர் 24 கெட்ட நாளாகிவிடவில்லை. சரியாக இரண்டு வருடம் கழித்து, 1962 அக்டோபர் 24ஆம் தேதி, அதே பைக்கனூரிலிருந்து செவ்வாய்க்கு ஒரு கலத்தை ஏவினார்கள். பூமியைச் சுற்றிய பாதையைத் தாண்டாமலே அது உடைந்து சிதறியது. அப்போதும் தேதியின்மேல் யாரும் பழி போடவில்லை. கலம் போனது, ஆள் போகவில்லை.

1963 அக்டோபர் 24. ஆர்-9 ஏவுகணையின் நிலத்தடிக் குழிக்குள் ஒரு குழு இறங்கியது. கசிவால் உள்ளே ஆக்சிஜன் அளவுக்கு மேல் சேர்ந்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. மின் பலகையிலிருந்து ஒரு பொறி. 7 பேர் இறந்தார்கள். அதற்கு அப்புறம்தான் அந்தத் தேதி கறுப்பு நாள் ஆனது.

அதாவது ஒரு சாவு போதவில்லை, ஒரு தோல்வியும் போதவில்லை. அதே தேதியில் சாவு திரும்ப வந்தபோதுதான் மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டது. மூடநம்பிக்கை எப்படிப் பிறக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகத் தேதி வாரியாகக் காட்டும் இன்னொரு உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

இனி கணக்கைப் பார்ப்போம். 23 பேர் இருக்கும் அறையில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் வர வாய்ப்பு பாதிக்கு மேல். நம்ப முடியாது, ஆனால் பள்ளிக் கணக்கிலேயே நிரூபித்துவிடலாம். ஓர் ஏவுதளத்தின் வரலாற்றில் 23 மோசமான நாட்கள் இருந்தால் அதற்கும் இதே கணக்குதான்: அவற்றில் இரண்டு ஒரே தேதியில் விழுந்தால் அதிசயம் இல்லை, விழாமல் போவதற்குத்தான் வாய்ப்பு குறைவு. யாங்கெல் இறந்த தேதிக்கும் இது பொருந்தும். 24க்கு அடுத்த நாள் என்றதும் நமக்குச் சிலிர்த்தது. 23 என்றாலும் சிலிர்த்திருக்கும். அதே மாதம் என்றால்கூடப் போதும். எதெல்லாம் பொருத்தம் என்று முன்கூட்டியே சொல்லாமல், நடந்த பிறகு தேடினால் பொருத்தம் கிடைத்துக்கொண்டே இருக்கும். சோயூஸ்-1 கலம் தரையில் மோதி விளாதிமிர் கொமரோவ் இறந்தது 1967 ஏப்ரல் 24. அங்கேயும் 24 இருக்கிறது. ஆனால் மாதம்தோறும் 24ஆம் தேதியை யாரும் ஒதுக்கவில்லை. ஒதுக்கினால் வேலை நடக்காது.

ஆனாலும் பொறியாளர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமலா அந்த வழக்கத்தை வைத்திருந்தார்கள்? நன்றாகத் தெரியும். 1960இல் என்ன நடந்தது என்பது சோவியத் பத்திரிகையில் வெளிவர 1989 ஆனது. அந்த 29 வருடமும் இறந்தவர்களைப் பற்றி வெளியே பேச வழியில்லை. ராக்கெட் ஏவாமல் ஒரு நாளை விட்டுவைப்பது ஒன்றுதான், கூட வேலை செய்து செத்தவர்களுக்காக அந்த இடம் வருடம்தோறும் செய்ய முடிந்த காரியம். இன்றும் அந்த நாளில் நினைவுச் சின்னத்துக்குப் போய் மலர் வைக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கெட்ட நாள் பார்ப்பது, உள்ளே போய்ப் பார்த்தால் திவசம். இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஒரே சாவிலிருந்து ஓர் உடையும் ஒரு படமும்

1971 ஜூன் மாதம். சல்யூட் விண்வெளி நிலையத்துக்குப் போக வேண்டியவர்கள் லியோனவ், குபாசவ், கொலோதின். ஏவுவதற்குச் சில நாள் முன்பு மருத்துவப் பரிசோதனையில் குபாசவின் நுரையீரலில் ஒரு கறை தெரிந்தது. காசநோயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு மூவரையும் நிறுத்திவிட்டு, மாற்றுக் குழுவான தொப்ரவோல்ஸ்கி, வோல்கவ், பத்சாயெவ் மூவரையும் சோயூஸ்-11 கலத்தில் அனுப்பினார்கள். மூன்று வாரத்துக்கு மேல் நிலையத்தில் இருந்துவிட்டுத் திரும்பும்போது, கலத்தின் பகுதிகள் பிரிந்த அதிர்ச்சியில் ஒரு வால்வு திறந்துகொண்டது. 168 கிலோமீட்டர் உயரத்தில் காற்று முழுவதும் வெளியேறியது. கலம் ஒழுங்காகத் தரை இறங்கியது. கதவைத் திறந்து பார்த்தால் மூவரும் இருக்கையில் இருந்தபடியே இறந்திருந்தார்கள். குபாசவுக்கு இருந்தது காசநோய் இல்லை என்று பிறகு தெரிந்தது. அவரும் லியோனவும் 1975இல் அமெரிக்கர்களோடு விண்வெளியில் கைகுலுக்கினார்கள்.

இப்படி ஒன்றைக் கேட்டால் யாருக்கும் பேச்சு வராது. ஓர் எக்ஸ்ரே படம் யாரைப் பிழைக்க வைத்து யாரைக் கொன்றது என்று நினைத்தால் எந்தப் பகுத்தறிவாளனுக்கும் ஒரு கணம் தடுமாறும். ஆனால் காரணத்தைத் தேடினால் அது அந்த எக்ஸ்ரேயில் இல்லை. காற்றழுத்தம் காக்கும் உடை போட்டால் மூன்று பேர் உட்கார இடம் போதாது என்பதால், உடையே இல்லாமல் அனுப்பினார்கள். லியோனவ் குழு போயிருந்தாலும் இதே வால்வு, இதே நெருக்கடி. விசாரணைக்குப் பிறகு மூன்று இருக்கை இரண்டானது, ஏறும்போதும் இறங்கும்போதும் பாதுகாப்பு உடை கட்டாயமானது. மூன்று பேர் மறுபடி சோயூஸில் போக 1980 ஆனது. ஓர் இருக்கையை இழப்பது ஒரு விண்வெளித் திட்டத்துக்குச் சின்ன விலை அல்ல.

அதே சாவுக்குப் பின் 1973இல் சோயூஸ்-12 குழு, கிளம்புவதற்கு முன் 1970இல் வந்த ஒரு சோவியத் படத்தைப் பார்த்தது. பத்திரமாகத் திரும்பியது. அன்றிலிருந்து பயணத்துக்கு முந்தைய நாள் அந்தப் படத்தைப் பார்ப்பது சடங்காகிவிட்டது. ககாரின் 1961இல் வழியில் பஸ்ஸை நிறுத்தி வலது பின் சக்கரத்தில் சிறுநீர் கழித்ததையும் பிறகு போனவர்கள் விடாமல் பின்பற்றினார்கள். சக்கரத்துக்கும் படத்துக்கும் செலவில்லை. இருக்கையைக் குறைத்ததற்குச் செலவு உண்டு. ஒரு நிறுவனம் தோல்வியிலிருந்து உண்மையிலேயே கற்றதா என்று நான் இப்படித்தான் பார்ப்பேன்: எதற்காக எதை விட்டுக்கொடுத்தது?

இது ரஷ்யர்களின் குணம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சந்திரனுக்கு அனுப்பிய ரேஞ்சர் கலங்கள் வரிசையாக ஆறு தோற்றன. ஏழாவது 1964 ஜூலையில் போனபோது கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் பதற்றத்தைத் தணிக்க வேர்க்கடலை கொடுத்தார். ரேஞ்சர்-7 நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது. இன்றுவரை அந்தக் கலங்களை இயக்கிய ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தில் முக்கியமான நேரங்களில் கடலை டப்பா மேசைமேல் இருக்கும். மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி டிரோபிரியாண்ட் தீவுகளில் இதையே நூறு வருடம் முன்பு பார்த்தார்: அமைதியான காயலில் மீன் பிடிக்க மந்திரம் இல்லை, ஆழ்கடலுக்குப் போக மந்திரம் உண்டு. 1991 வளைகுடாப் போரில் இராக்கின் ஏவுகணைகள் விழுந்த இஸ்ரேலியப் பகுதிகளில் உளவியலாளர் கியோரா கெய்னன் ஆய்வு செய்தபோதும் அப்படியே. ஆபத்து கூடுதலாக இருந்த இடங்களில் மந்திரத்தனமான எண்ணங்களும் கூடுதல். நிச்சயமின்மையைத் தாங்க முடியாதவர்களிடம் இன்னும் கூடுதல். கையில் பிடி இல்லாதபோது மனம் எதையாவது பிடித்துக்கொள்கிறது.

ஸ்ரீஹரிகோட்டாவில்

நம் பக்கமும் உண்டு. பி.எஸ்.எல்.வி. சி12க்கு அப்புறம் வந்தது சி14. பதின்மூன்று என்ற எண்ணையே காணோம். ஏவுதலுக்கு முன் சூளூர்ப்பேட்டை செங்காளம்மன் கோவிலுக்கும் திருப்பதிக்கும் போவதைப் பத்திரிகைகள் ஒவ்வொரு தடவையும் படம் போடுகின்றன. விஞ்ஞானிக்கு எதற்குச் சாமி என்று ஒரு தரப்பும், நம் பண்பாடு என்று இன்னொரு தரப்பும் சண்டை போடும். இரண்டு தரப்பும் பார்க்கத் தவறுகிற இடம் ஒன்று இருக்கிறது.

2019 ஜூலை 15 அதிகாலை. சந்திரயான்-2 கிளம்ப 2:51 மணி குறித்தாயிற்று. குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் நேரில் வந்து உட்கார்ந்திருந்தார். நாடே விழித்திருந்தது. எரிபொருள் நிரப்பியாகிவிட்டது. கிளம்ப 56 நிமிடம் 24 வினாடி இருக்கும்போது கவுன்ட்டவுனை நிறுத்தினார்கள். தொழில்நுட்பக் கோளாறு, இன்று கிடையாது. ஒரு வாரம் கழித்து ஜூலை 22இல் ஏவினார்கள். நெதேலின் முன்னால் 1960இல் யாராலும் சொல்ல முடியாத ஒரு வார்த்தையை, நாட்டின் தலைவர் முன்னால் இங்கே சொல்ல முடிந்தது. அந்த அதிகாலையில் யார் நெற்றியில் திருநீறு இருந்தது, யார் நெற்றியில் இல்லை என்பது எனக்கு முக்கியமே இல்லை.

அந்தக் கலத்தின் விக்ரம் லேண்டர் செப்டம்பர் 7ஆம் தேதி நிலவில் மோதி நொறுங்கியது. அடுத்த கலமான சந்திரயான்-3ஐ வடிவமைக்கும்போது கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். எப்படி வெற்றி பெறும் என்பதை விட்டுவிட்டு, எது எது தவறிப் போகலாம், போனாலும் எப்படி இறங்கும் என்று கேட்டார்கள். இறங்கும் இடம் அரை கிலோமீட்டர் சதுரத்திலிருந்து சுமார் 4 கி.மீ.க்கு 2.5 கி.மீ. என்று விரிந்தது. கால்கள் பலமாயின. எரிபொருள் கூடியது. விழுப்புரத்துக்காரர் ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநர். ஏவுவதற்கு முந்தைய நாள் கலத்தின் சிறு மாதிரி திருமலைக்கும் போனது. 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி நிலவில் இறங்கியது.

எது தவறியது, எதை மாற்றினோம் என்பதை இறங்குவதற்கு முன்பே அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் மேடையில் எல்லோருக்கும் விளக்கினார். அந்தப் பேச்சு எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. பைக்கனூரில் மகனை இழந்த பெற்றோர் இதே போன்ற ஒரு விளக்கத்துக்காக 29 வருடம் காத்திருந்தார்கள். பலர் அது வருவதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.